சவோய் மூவர்: கூட்டுத்தொழிலும் பிணக்கும்

முத்தமிழ் என்னும் வழக்கு இயலையும் இசையையும் நாடகத்தையும் ஒரு சொல்லிற் பிணைத்துவிட்டது. சொல்லிற் பிணைத்தல் எளிது. அரங்கிற் பிணைத்தலே அரிது. பாட்டை இயற்றுபவன் ஒருவன், அதற்கு இசை வகுப்பவன் மற்றொருவன், இருவரையும் கூட்டி அரங்கேற்றுபவன் இன்னொருவன் என மூவர் ஒரு தொழிலிற் புகுந்தால், அவருள் முதல்வன் யாவன் என்னும் வினா ஒருநாள் எழுந்தே தீரும். பாட்டுக்கு மெட்டா, மெட்டுக்குப் பாட்டா, அன்றி இரண்டுமே அரங்கின் வருவாய்க்குத்தானா என்பது அறிவினால் மாத்திரம் தீரும் வழக்கன்று. ஒவ்வொருவருடைய தன்மதிப்பும் வயிற்றுப்பாடும் அதனுட் கலந்து நிற்கும்.

இத்தகைய வழக்கு எவ்வாறு எழுகின்றது, எவ்வாறு தணிகின்றது, எவ்விடத்துத் தீராப் பகையாகின்றது என்பதை ஆராய்வார்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் வாழ்ந்த மூவரின் வரலாறு சிறந்ததொரு சான்றாகும். நாடகாசிரியர் வில்லியம் கில்பேர்ட், இசை வகுத்த ஆர்தர் சலிவன், அரங்கு நடத்திய றிச்சார்ட் டொயிலி கார்ட் என்போரே அம்மூவர். கில்பேர்ட்டும் சலிவனும் 1871 முதல் 1896 வரை 14 நகைச்சுவை இசைநாடகங்களை ஆக்கினர். அவற்றுட் பல ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இன்றும் ஆடப்படுகின்றன. அவர்தம் பாட்டுக்களைப் போலவே அவர்தம் பிணக்குக்களும் பெயர்பெற்றவை. கடிதங்களும் நாட்குறிப்புக்களும் அழியாது நிலைத்திருத்தலால், அப்பிணக்குக்கள் வளர்ந்த வகையைப் படிப்படியாகக் காணல் கூடும்.

கில்பேர்ட் 1836ஆம் ஆண்டு பிறந்தவர். வழக்கறிஞர் தொழிலிற் புகுந்து, அதிற் பொருளீட்ட மாட்டாராய், நகைச்சுவை இதழ்களுக்குச் செய்யுள் எழுதியும் சித்திரம் வரைந்தும் பெயர்பெற்றார். உலகியலைத் தலைகீழாக்கி, அத்தலைகீழ் நிலையே இயல்பெனக் கொண்டு மிக ஒழுங்காக வழக்காடுவது அவர்தம் நகைச்சுவையின் உயிர். தாம் எழுதியதில் ஒரு சொற் பிறழினும் பொறாதவர். கோபம் விரைவில் வரும். வந்தால் நீதிமன்ற வாயில்வரை செல்லும். சலிவன் அவரினும் ஏறக்குறைய ஆறாண்டு இளையவர். படை வாத்தியக் குழுத் தலைவர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்து, அரச தேவாலயத்திற் சிறுவராய்ப் பாடி, உதவிநிதி பெற்று ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் பயின்று, சேக்ஸ்பியரின் 'தெம்பெஸ்ட்' நாடகத்துக்கு அமைத்த இசையினால் 1862இல், இருபதாம் அகவையிலேயே, புகழெய்தியவர். இன்முகமும் நயமும் உடையவர். பிணக்கை நேர்நின்று தீர்க்காது கடிதத்தில் ஒதுங்குபவர். ஆங்கில நாட்டுப் பேரிசையை உயர்த்தப் பிறந்தவர் அவரென்று இசைவாணர் எதிர்பார்த்தனர். அவரும் அதனை நம்பினார். பின்னாளில் விளைந்த துன்பங்களுட் பாதி இந்நம்பிக்கையினின்றே முளைத்தன. கார்ட் 1844இல், இசைக்கருவி வணிகம் செய்த குடும்பத்திற் பிறந்தவர். இளமையிற் சிறிது இசை எழுதிப் பார்த்து, பிறர் கலையை அரங்கேற்றுவதே தமக்குரிய கலையெனக் கண்டுகொண்டவர்.

இருவரையும் பிணைத்தவர் மூன்றாமவரே. 1871இற் கில்பேர்ட்டும் சலிவனும் கூடி எழுதிய 'தெஸ்பிஸ்' ஒரு பண்டிகைக்கால விளையாட்டாய் முடிந்து, இருவரும் தத்தம் வழியே சென்றுவிட்டனர். 1875இற் கார்ட் 'றோயல்ட்டி' அரங்கின் மேலாளராயிருந்தார். நெடுநாடகம் ஒன்றுடன் சேர்த்து ஆடுதற்கு ஒரு குறுநாடகம் அவருக்கு வேண்டியிருந்தது. நீதிமன்றத்தை எள்ளி நகையாடும் 'ட்ரையல் பை யூரி' என்னும் சிறு ஏடு கில்பேர்ட்டின் கையில் இருந்தது. அதற்கு இசை வகுக்கத் தக்கவர் சலிவனே என்று கண்டு கில்பேர்ட்டை அவரிடம் அனுப்பியவர் கார்ட். கில்பேர்ட் அதனைப் படித்துக்காட்டிய காட்சியைச் சலிவன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். படிக்கப் படிக்க ஆசிரியர் முகத்திற் தம் எழுத்தின்மீதே வெறுப்பு மிகுந்ததாம். இறுதிச் சொல்லை முடித்ததும் ஏட்டைச் சினத்துடன் மூடினாராம். எதிரே இருந்தவர் தொடக்கம் முதல் இறுதிவரை சிரித்துக்கொண்டே இருந்ததை அவர் கண்டாரில்லை! சில வாரங்களில் இசை எழுதி முடிந்தது. மார்ச் 25ஆம் நாள் நாடகம் அரங்கேறியது. கூட்டின் தொடக்கத்திலேயே இருவர் இயல்பும் தெரிந்துவிட்டன. ஒருவர் பிறர் முகம் பாராது தம் ஏட்டையே பார்ப்பவர்; மற்றவர் மகிழ்ச்சியை மறைக்காதவர், மனக்குறையை மறைப்பவர்.

அவர்கள் தொழில் செய்த முறை கருதத்தக்கது. முதலிற் கில்பேர்ட் கதையை ஒரு குறிப்பேட்டிற் பலமுறை திருப்பித் திருப்பி எழுதுவார். கதை இருவர்க்கும் உடன்பாடான பின்னரே பாட்டு எழுதப்படும். பாட்டுக்கள் ஒவ்வொன்றாகச் சலிவனிடம் போய்ச் சேரும். சலிவன் உடனே மெட்டைத் தேடுவதில்லை. முதலிற் தாளத்தைத் தேடுவார். ஒரே பாட்டுக்குப் பல தாள அமைப்புக்களைப் புள்ளியும் கோடுமாக எழுதிப் பார்த்து, சொல்லின் இயல்பான ஓசையைக் கெடுக்காததும் கேட்போர் எதிர்பாராததுமான ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதன்மேலேயே மெட்டை எழுப்புவார். பாடுவோர் பகுதிகள் முதலில் எழுதப்பட்டு ஒத்திகைக்குப் போகும். வாத்தியங்களுக்குப் பிரித்தெழுதுதல் கடைசி நாட்களில், இரவிரவாக நடைபெறும். இதற்கிடையிற் கில்பேர்ட் தம் வீட்டில் ஒரு சிறு மாதிரி அரங்கை வைத்து, நடிகர்க்குப் பதிலாக மரக்கட்டைகளை நிறுத்தி, எவர் எங்கே நிற்பது, எப்போது அசைவது என்பதையெல்லாம் முடிவு செய்துகொள்வார். ஒத்திகைக்கு வருமுன்பே நாடகம் அவர் உள்ளத்தில் நடந்து முடிந்திருக்கும். 'எச். எம். எஸ். பினபோர்' நாடகத்துக்காக இருவரும் 1878இற் போட்ஸ்மத் துறைமுகத்துக்குச் சென்று கப்பல்களைப் பார்வையிட்டதும், கில்பேர்ட் அங்கே 'விக்டரி' கப்பலின் மேற்தளத்தை வரைந்துகொண்டதும், அவரது நுணுக்கத்துக்குச் சான்று.

எனவே மேடையிற் கில்பேர்ட் அரசர். இசையிற் சலிவன் அரசர். வாயிலிலும் வசூலிலும் கார்ட் அரசர். எல்லைகள் இவ்வாறு தெளிவாய் இருந்தவரையில் ஒருவர் மற்றவர் எல்லையுட் புகுவதும் உதவியாகவே முடிந்தது. 'யோமன் ஒவ் த காட்' நாடகத்தில் வரும் விகடகவியின் பாட்டொன்றுக்கு மெட்டு அமையாமற் சலிவன் பல நாள் இடர்ப்பட்டார். அப்பாட்டு எழுதியபோது ஏதாவது மெட்டு உள்ளத்தில் ஓடிற்றா என்று கில்பேர்ட்டைக் கேட்டார். இசையறிவு தமக்கு இல்லையென்று சொல்லிக்கொள்ளும் கில்பேர்ட், தம் படகில் மாலுமிகள் பாடக் கேட்ட பழம்பாட்டொன்றை முணுமுணுத்துக் காட்டினார். சில அடிகள் கேட்டதுமே சலிவன் போதுமென்றார், மெட்டுப் பிறந்துவிட்டது. இவ்வாறே 'மிக்காடோ' அரங்கேறுமுன் கடைசி ஒத்திகையின்போது, மன்னன் பாடும் பாட்டு நாடகத்தின் ஓட்டத்தைத் தடுக்கின்றதென்று கில்பேர்ட் அதனை நீக்கினார். குழுப்பாடகர் திரண்டு வந்து அதனை மீட்டுத் தருமாறு வேண்டினர். கடுமைக்குப் பெயர்போன ஆசிரியர் இணங்கினார். அந்நாடகத்தில் மிகுந்த கைதட்டலைப் பெறும் பாட்டுக்களுள் அதுவும் ஒன்றாயிற்று. நாடகம் நன்றாக அமையவேண்டும் என்பதில் எல்லோர்க்கும் ஒரே ஆசை இருந்தமையால், இவ்விடத்து இணங்குதல் எவர்க்கும் தோல்வியாகத் தோன்றவில்லை.

பொதுப்பகைவன் ஒருவன் இருப்பதும் கூட்டினை இறுக்கும். 'பினபோர்' நாடகத்துக்கு முதல் கொடுத்த வணிகர் குழுவினர், வெயிற்காலத்தில் வசூல் குறைந்தபோதெல்லாம் நாடகத்தை நிறுத்த முனைந்தனர். நாடகம் பெருவெற்றி பெற்றபின்போ அதனைத் தமதாக்க முயன்றனர். 1879 யூலை 31ஆம் நாள் இரவு, மேடையில் ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே ஆட்களை ஏவிக் காட்சித் திரைகளைப் பறித்துச்செல்ல முற்பட்டனர். அரங்கத் தொழிலாளர் கைகலந்து அவர்களைத் துரத்தினர். இதனையடுத்து மூவரும் ஆளுக்கு 1,000 பவுண் இட்டுத் தமக்குள்ளேயே கூட்டமைத்து, செலவு நீங்கிய ஆதாயத்தை மூன்று சமபங்காகப் பிரித்துக்கொள்வதென உடன்பட்டனர். 'பினபோர்' 571 முறை ஆடப்பட்டது. 1881 ஒக்டோபரிற் கார்ட் தாமே கட்டிய சவோய் அரங்கைத் திறந்தார். முற்றாக மின்விளக்கால் ஒளியூட்டப்பெற்ற முதற் பொதுக்கட்டடம் அதுவே. மின்சாரத்தை அஞ்சிய மக்களின் அச்சம் தீர, எரியும் விளக்கொன்றை மேடையிலேயே உடைத்துக் காட்டினார் கார்ட். அதே மின்விளக்குகளின் செலவுக்கணக்கு ஒன்பதாண்டின் பின் வேறொரு வெளிச்சத்தைத் தரவிருந்தது.

1883 பெப்ரவரியில் மூவரும் ஐந்தாண்டு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். கார்ட் ஆறுமாத அறிவித்தல் கொடுத்தால் மற்ற இருவரும் புது நாடகம் ஒன்றை ஆக்கித் தரல்வேண்டும் என்பது அதன் முதன்மையான விதி. மேற்பார்வைக்கு இஃது ஒழுங்கான ஏற்பாடு. ஆயின் நண்பராய்க் கூடியவரை இது கடமைப்பட்டவராக்கிற்று. சலிவன் ஏன் உடன்பட்டார் என்பதற்குக் காரணமுண்டு. 1882 நவம்பர் 25ஆம் நாள், 'அயலாந்தி' அரங்கேறவிருந்த அதே நாளில், தம் சேமிப்பை வைத்திருந்த தரகர் நிலையம் முறிந்துவிட்டதென்ற செய்தி அவருக்குக் கிட்டியது. அன்றிரவு அதனை வெளிக்காட்டாது வாத்தியக் குழுவை நெறிப்படுத்தினார். வருவாய் அவர்க்கு அவசியமாயிற்று. உடன்படிக்கை முடிந்து மூன்று திங்களில் அரசி அவர்க்குச் 'சேர்' பட்டம் வழங்கினார். பட்டம் பெற்ற இசைவாணர் இனியும் விகடப் பாட்டுக்கு மெட்டுப் போடுவதா என்று இசை விமரிசகர் வினவத் தொடங்கினர்.

1884 மார்ச் மாதம் கார்ட் உடன்படிக்கையின்படி அறிவித்தல் கொடுத்தபோது, முதற் பெரும் பிணக்கு வெடித்தது. இவ்வகை நாடகம் இனித் தம்மால் எழுத இயலாதென்று சலிவன் வெளிநாட்டினின்றும் எழுதினார். கில்பேர்ட் வியப்புற்றார்; பின்னர்ப் புண்பட்டார். கில்பேர்ட் வைத்திருந்த கதை, மந்திர மாத்திரை ஒன்றை விழுங்கினோர் தாம் நடிக்கும் காதலை உண்மையாகவே கொள்ளும் கதை. இத்தகைய மாயவித்தை முன்னரும் வந்ததே, மனித உணர்ச்சியும் நிகழக்கூடிய நிகழ்ச்சியும் உள்ள கதை வேண்டும் என்றார் சலிவன். ஒவ்வொரு சொல்லும் கேட்கவேண்டும் என்பதற்காகத் தம் இசையை ஒடுக்கி ஒடுக்கி வைத்ததாகவும் முறையிட்டார். இதிற் பொருளுண்டு. கில்பேர்ட்டின் நகைச்சுவை சொல்லின் நுனியில் நிற்பது. அச்சொல் வாத்திய ஒலியில் அமிழ்ந்தாற் சிரிப்பும் அமிழும். சொல்லை விளங்கவைக்கும் இசையோ தன் முழுவலியையும் காட்ட மாட்டாது. ஆகவே இது மனிதர் இருவரின் பிடிவாதம் மட்டுமன்று. இரண்டு கலைகளின் இயற்கை முரண்.

இம்முரண் தீர்ந்த வகை எளியது. கடிதப்போர் ஏழெட்டு வாரம் நடந்தது. கார்ட் இருவர்க்கும் இடையில் நின்று, எவரையும் விலகவிடாது பொறுத்திருந்தார். மே மாதத்திற் கில்பேர்ட், மாய மந்திரம் எதுவும் இல்லாத வேறொரு கதை தந்தால் ஏற்பீரா என்று எழுதினார். சலிவன் கதையைக் கேளாமலே மகிழ்ச்சியுடன் ஏற்றார். அதுவே 'மிக்காடோ'. கில்பேர்ட் வீட்டுச் சுவரினின்றும் ஒரு ஜப்பானிய வாள் விழுந்ததாற் பிறந்த கதை அது என்று கூறுவர். இத்தகைய கதைகள் வெற்றியின் பின்னரே வளர்வன. 1885 மார்ச் 14ஆம் நாள் அரங்கேறிய அந்நாடகம் 672 முறை தொடர்ந்து ஆடப்பட்டது. மறுக்கப்பட்ட மாத்திரைக் கதையைக் கில்பேர்ட் கைவிட்டாரல்லர். 1892இல் வேறோர் இசைவாணரான அல்பிரட் செலியரைக் கொண்டு அதனை அரங்கேற்றியே தீர்ந்தார்!

எனினும் அதே 1885ஆம் ஆண்டில் மற்றொரு விரிசல் கண்டது. சவோய் அரங்கின் நிருவாகத்தில் தமக்கும் குரல் வேண்டும் என்று கில்பேர்ட் கேட்டார். உடன்படிக்கையில் அதற்கு இடமில்லை என்றார் கார்ட். சலிவன் கார்ட்டின் பக்கமே நின்றார். ஆதாயத்தில் மூன்றிலொரு பங்கு உடையவர் பங்காளியா, அன்றிச் சரக்குக் கொடுக்கும் வணிகரா? கில்பேர்ட் தம்மைப் பங்காளி எனக் கொண்டார். கார்ட் அரங்கின் உடைமையாளர் தாமே எனக் கொண்டார். இவ்வேறுபாட்டை எவரும் தெளிவாக்கவில்லை. நாடகம் நிறைந்த அரங்கில் ஓடிக்கொண்டிருந்தமையால் தெளிவாக்கவேண்டும் என்று எவர்க்கும் தோன்றவுமில்லை.

1889இற் பழைய முரண் மீண்டது. சலிவன் பேரிசைநாடகம் ஒன்றை விரும்பினார். பேரிசைநாடகத்திற் சொல்லாசிரியன் இசைக்கு அடிமையாவான் என்று கில்பேர்ட் மறுத்தார். இத்தனை ஆண்டும் அடிமையாய் இருந்தவர் தாமே என்றும், ஒத்திகைகள் முழுவதும் மேடை அசைவுக்கே செலவாகிப் பாடகர் களைத்துப்போகின்றனர் என்றும் சலிவன் விடையிறுத்தார். இம்முறையும் கார்ட் வழி கண்டார். தாம் புதிதாகக் கட்டும் பேரரங்கிற் சலிவனின் பேரிசைநாடகத்தை ஏற்றுவது. அதற்கு முன் சவோயில் நகைச்சுவை நாடகம் ஒன்று தருவது. கில்பேர்ட்டும் பெருந்தன்மையுடன் இடங்கொடுத்தார். 'கொண்டோலியர்ஸ்' நாடகத்தின் தொடக்கத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம், வசனம் ஒன்றுமின்றி இசையே தொடர்ந்து செல்கின்றது. சொல்லாசிரியர் ஒருவர் இசைவாணர்க்கு அளித்த இதனினும் தெளிவான சமாதானப் பத்திரம் வேறொன்றில்லை. 1889 டிசெம்பர் 7ஆம் நாள் அரங்கேறி 554 முறை ஆடப்பட்டது. இருவரும் ஒருவரையொருவர் பாராட்டி எழுதிக்கொண்டனர். அந்நாடகத்தின் கதை, ஓடக்காரர் இருவர் ஓர் அரியணையில் ஓர் அரசராய்ச் சமத்துவம் பேசி ஆளும் கதை. அதில் ஆசிரியரின் குறும்பு எதுவும் இருந்ததா என்பது படிப்போர் ஊகத்துக்குரியது.

ஐந்து மாதம் செல்லவில்லை, எல்லாம் உடைந்தது. உடைத்தது கம்பளம்.

கில்பேர்ட் இந்தியாவுக்குச் சென்றிருந்தார். 1890 ஏப்பிரலில் மீண்டதும், புது நாடகத்தின் தொடக்கச் செலவு 4,500 பவுண் எனக் கண்டு திடுக்கிட்டார். கணக்கைக் கேட்டபோது, அரங்கின் முன்மண்டபத்துக்கு வாங்கிய புதுக் கம்பளங்களும் அதிற் சேர்ந்திருந்தமை தெரிந்தது. கில்பேர்ட் அதனை 500 பவுண் என்றார். உண்மையில் 140 பவுண் அளவே என்பது பின்னர் வெளியாயிற்று. உடன்படிக்கையின்படி, ஆட்டத்தினால் நாளடைவில் ஏற்படும் தேய்வுக்குரிய திருத்தச் செலவு மூவர்க்கும் பொது. தேய்ந்த கம்பளத்துக்குப் பதிற் கம்பளம் வாங்குதல் திருத்தமா? அன்றி அரங்கின் உடைமையாளர் தம் கட்டடத்தைச் சிறப்பித்துக்கொள்வதா? ஐந்தாண்டுக்கு முன் விடப்பட்ட அவ்வினாவே இப்போது கம்பளத்தைப் போர்த்துக்கொண்டு வந்தது. கார்ட்டின் அலுவலகத்தில் இருவரும் உரத்துப் பேசினர். இவ்வாறாயின் இனி வேறு ஆசிரியரைத் தேடிக்கொள்வேன் என்னும் பொருள்படக் கார்ட் பேசியதாகக் கில்பேர்ட் எழுதினார்.

இவ்விடத்துச் சலிவன் இடைநின்று தீர்த்திருக்கலாம். ஆயின் அவருடைய பேரிசைநாடகம் ஏறவிருந்ததோ கார்ட்டின் புதிய அரங்கில். அவர் கார்ட்டின் பக்கம் சாய்ந்தார். மே மாதத்திற் கில்பேர்ட் கூட்டினை முறித்துக்கொண்டார். அடுத்த காலாண்டுப் பங்கைக் கார்ட் கொடாது தாமதிக்கவே, வழக்கு நீதிமன்றம் ஏறியது. செப்டெம்பர் மாதம் நடந்த விசாரணையிற் கார்ட்டுக்கு ஆதரவாகச் சலிவன் சத்தியக் கடதாசி ஒன்று கொடுத்தார். கில்பேர்ட்டின் ஒப்புதலோடு செய்த சட்டச் செலவுகள் இன்னும் தீராது கிடக்கின்றன என்பது அதன் சாரம். அச்செய்தி பிழையானது. சலிவன் வேண்டுமென்று பொய் சொன்னாரெனக் கொள்வதற்கில்லை. தமக்குக் கூறப்பட்டதை ஆராயாது ஒப்பமிட்டார் என்பதே பொருத்தம். ஆயினும் கில்பேர்ட்டின் நெஞ்சிற் தைத்தது கம்பளமன்று, இக்கடதாசியே. வழக்கிற் கில்பேர்ட்டின் கோரிக்கையே மேலோங்கியது. பின்னர்க் கணக்குக்களைப் பார்த்ததில், மின்விளக்குச் செலவில் மட்டும் ஏறக்குறைய 1,000 பவுண் தவறுதலாக மிகுத்துப் பற்றெழுதப்பட்டதைக் கார்ட் ஒப்புக்கொண்டார் எனக் கில்பேர்ட் சலிவனுக்கு எழுதினார்.

பொதுவாக இவ்வரலாற்றைக் கூறுவோர், அற்பக் கம்பளத்துக்காக அருங்கலையைக் கெடுத்தார் என்று கில்பேர்ட்டைப் பழிப்பர். அது முழுநீதியன்று. கணக்கில் அவர் பெரும்பாலும் சரி. நடந்துகொண்ட முறையிற் பெரும்பாலும் பிழை. கணக்கைக் காட்டு என்பது எந்தப் பங்காளியும் கேட்கத்தக்க கேள்வி. அதனை இடியாக எழுப்பியபடியால், கேள்வி மறைந்து இடியே நின்றது. கார்ட்டோ கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். அமைதிவேண்டி ஒதுங்கிய சலிவன், ஒதுங்கியதாலேயே ஒரு பக்கத்தவரானார்.

1884இலும் 1889இலும் எழுந்த பிணக்குக்கள் இதனினும் கடுமையானவை. ஆயினும் அவை தீர்ந்தன. ஏனெனில் அங்கே வழக்கு நாடகத்தைப் பற்றியது. மாத்திரை வேண்டாம் என்றால் மாத்திரை இல்லாத கதை எழுதலாம். இசைக்கு இடம் போதாதென்றால் இருபது நிமிடம் இடம் விடலாம். புதிய நாடகமே பழைய பிணக்குக்கு விடையாயிற்று. அவ்விடையும் அரங்குக்கு ஆதாயமாயிற்று. 1890இன் வழக்கு நம்பிக்கையைப் பற்றியது. நீர் என் பங்கை நேர்மையாகக் காட்டினீரா என்னும் கேள்விக்கு எந்தப் பாட்டும் விடையாகாது. மேலும், முந்திய இருமுறையும் சொல்லுக்கும் இசைக்கும் இடையிற் கார்ட் நின்றார். இம்முறை கார்ட்டே எதிர்வழக்காளி. இடைநிற்க ஆண்மக்கள் மூவருள் ஒருவரும் எஞ்சவில்லை.

எஞ்சியவர் ஒரு பெண்மணி. எலன் லெனோயர் 1877இற் கார்ட்டின் செயலாளராய் வந்தவர். இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வுகளிற் சித்தியெய்தியவர். கணக்கிலும் சட்ட நுணுக்கத்திலும் வல்லவர். நாடகக் குழுக்களை அமெரிக்காவுக்கு அனுப்பியும், தாமே பலமுறை கடல் கடந்து சென்று அங்குள்ள கணக்கை நேராக்கியும், அத்தொழிலகத்தின் அச்சாணியாய் விளங்கினார். 1888இற் கார்ட்டை மணந்தார். கம்பள வழக்கின்போது கில்பேர்ட்டைக் கண்டும் எழுதியும் சமாதானம் தேடியவர் அவரே. கில்பேர்ட் கணவரை வைதபோதும் மனைவியை மதித்தார். அப்பெண்மணியின் பெயர் சவோய் வரலாற்றில் மூவர் பெயருடன் நான்காவதாக எழுதப்படத்தக்கது. பலர் அதனை மறந்துவிடுகின்றனர். 1901இற் கார்ட் இறந்தபின் 1913இல் தாம் இறக்கும்வரை அந்நிறுவனத்தை நடத்தியவரும் அவரே.

பிரிவின் பின் மூவரும் தனித்தனி முயன்றனர். சலிவனின் 'ஐவன்கோ' 1891 சனவரியிற் புதிய பேரரங்கில் ஏறியது. பேரிசைநாடகம் ஒன்றுக்கு அது நன்றாகவே ஓடியது. ஆயினும் அரங்கின் செலவைத் தாங்கவல்ல வேறு நாடகங்கள் இல்லாமற் கார்ட் அக்கட்டடத்தை விற்கவேண்டியதாயிற்று. இன்று இலண்டனிற் 'பலஸ் தியேட்டர்' என்னும் பெயருடன் நிற்பது அதுவே. கில்பேர்ட் பிறருடன் எழுதியவை முந்தியவற்றின் அளவு ஓடவில்லை. நண்பர் முயற்சியால் இருவரும் 1891இல் மீண்டும் கைகுலுக்கினர். 1893இல் 'யூட்டோப்பியா லிமிட்டெட்' 245 முறையும், 1896இல் 'கிராண்ட் டியூக்' 123 முறையும் ஆடப்பட்டன. கைகள் கூடின, பழைய விரைவு கூடவில்லை. ஒருவர்க்கொருவர் மரியாதையாய் விட்டுக்கொடுத்தனர். 'மிக்காடோ' காலத்தில் விட்டுக்கொடாது வாதிட்டனர். இரண்டு காலத்து ஏடுகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பார்க்கு வேறுபாடு விளங்கும்.

1898 நவம்பரிற் 'சோர்சரர்' நாடகம் மீண்டும் ஆடப்பட்டுக்கொண்டிருந்தபோது, கில்பேர்ட்டும் சலிவனும் ஒரே மேடையில் நின்று அவையோரை வணங்கினர். தம்முள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. 1900 நவம்பரிற் 'பேசன்ஸ்' மீண்டும் ஏறிற்று. அப்போது மூவரும் நோயாளர். மூவரும் மூன்று சக்கர நாற்காலிகளில் மேடைக்கு வந்து வணங்கலாம் என்று கில்பேர்ட் விளையாட்டாகச் சொல்லியனுப்பினார். சலிவனாற் படுக்கையைவிட்டு எழ இயலவில்லை. கில்பேர்ட்டும் கார்ட்டும் மாத்திரம் ஊன்றுகோலுடன் வந்து நின்றனர். அம்மாதம் 22ஆம் நாள் சலிவன் காலமானார்.

1903இல் தேம்ஸ் நதிக்கரைப் பூங்காவில், சவோயை நோக்கியவாறு சலிவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. அதிற் பொறிக்கத்தக்க வரிகளைத் தெரிந்து கொடுத்தவர் கில்பேர்ட். அவை 'யோமன்' நாடகத்தில் அவரே எழுதிச் சலிவன் இசை வகுத்த வரிகள்.